அந்த வைத்தியசாலை மூடிக் கிடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள எமது பிரதேச வைத்தியசாலையின் புதிய விடுதித் தொகுதி திறந்துவைக்கப்பட்டதையொட்டித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான சிறப்புப் பக்கத்தை வாசித்தேன். வர்ணப் படங்களுக்கும் பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கும் நடுவில், யுத்த காலத்தில் இவ்வைத்தியசாலை முற்றாகச் செயலிழந்து கிடந்தது என்று ஒரு வரி இருந்தது. அந்த வைத்தியசாலையின் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையிலும், அதைச் செயலிழக்க விடாமல் காத்த மனிதரின் நண்பன் என்ற முறையிலும் இதை எழுத வேண்டியதாயிற்று. செயலிழந்த வைத்தியசாலையில் பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்து தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் நண்பர் உதவி வைத்திய அதிகாரி. பழைய ஆட்களின் பேச்சில் சொன்னால் அப்போதிக்கரி; வைத்தியப் பட்டமின்றிப் பயிற்சி பெற்று வைத்தியம் பார்ப்பவர். 1990 ஜூனில் யுத்தம் மறுபடியும் மூண்டு, வாவிக்கு இக்கரை ஒருவர் கையிலும் அக்கரை இன்னொருவர் கையிலும் ஆன பின்னர், பட்டம் பெற்ற வைத்தியர்கள் எமது பக்கம் வரத் தயங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. ஆனால் இடமாற்றம் கேட்டிருந்தால் உடனே கிடைத்திருக்கக்கூடிய சேவை மூப்பு என் நண்பருக்கும் இருந்தது. அவர் கேட்கவில்லை. வெளிநோயாளர் பிரிவு, மகப்பேற்று விடுதி, பாம்புக்கடி, மலேரியாக் காய்ச்சல் என்று எல்லாவற்றையும் ஒருவராகவே பார்த்தார். அதைவிடப் பெரிது, ஊழியர் எவரும் ஓடிப்போகாதபடி பார்த்துக்கொண்டார். இரவுக் கடமைப் பட்டியலை எழுதும்போது முதலில் தமது பெயரை எழுதிவிட்டுத்தான் சிற்றூழியர்களிடம் தாளை நீட்டுவார். அதன் பிறகு எவர் முகம் சுளிப்பது?

மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் தடை இருந்த காலத்தில் தடுப்பூசி மருந்தை எப்படிக் காப்பாற்றினோம் என்று கேட்கத் தங்கள் நிருபருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்கும் போடும் முக்கூட்டுத் தடுப்பூசி ஒருமுறை உறைந்துவிட்டால், பின்னர் உருகினாலும் பயனில்லை. மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டியின் சுடர் சற்று ஏறினாலே உள்ளே உறைந்துவிடும். சந்தேகம் வந்தால் அவர் வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய ஒரு குப்பியையும், சந்தேகத்துக்குரிய குப்பியையும் இரு கைகளிலும் எடுத்துக் குலுக்கி, என் யன்னல் கட்டின்மீது அருகருகே வைப்பார். அரை மணி நேரத்தில் உறைந்த குப்பியில் வெள்ளைத் துகள்கள் அடியில் படிந்து மேலே நீர் தெளிந்துவிடும். நல்ல குப்பியோ கலங்கலாகவே நிற்கும். குடும்பநல உத்தியோகத்தர்களை, அதாவது மருத்துவிச்சிமாரை, சுற்றி நிறுத்தி அவர்கள் வாயாலேயே முடிவைச் சொல்ல வைப்பார். அவர் லீவில் நின்ற நாட்களிலும் அந்தச் சோதனை தவறியதில்லை.

அந்நாட்களில் இருட்டிய பின் மண்முனையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகு ஓடாது என்பதும், அனுமதியின்றி வாவியில் எந்தத் தோணியும் இறங்காது என்பதும் தாங்கள் அறியாததல்ல. இரத்தப்போக்குடன் ஒரு தாய் துறையிலேயே இறந்தபோது, மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் குடும்பநல உத்தியோகத்தர்மீது பழி விழாதவாறு, முடிவெடுத்தது தாமே என்று என் நண்பர் எழுதினார். பின்னர் பெரியாஸ்பத்திரி இருக்கும் கிழக்குக் கரையான எழுவான்கரையில் வீடு வீடாக ஏறி இறங்கி, மாதம் முற்றிய, சிக்கலான கர்ப்பிணிகளை வலி காணும் முன்பே கொண்டுபோய்த் தங்கவைக்க இடம் கேட்டார். கொடுத்தவர்களில் அவருக்கு முன்பின் தெரியாதவர்களும் இருந்தார்கள். இதற்கு எந்தச் சுற்றுநிருபமும் வரவில்லை, எந்த நிறுவனமும் பெயர்ப்பலகை நடவில்லை.

1993க்குப் பின் இந்நாட்டில் போலியோ இல்லை என்று பெருமையாக எழுதுகிறோம். 1995 முதல் தேசிய போலியோ தினங்களுக்காகத் துப்பாக்கிகள் சற்று ஓய்ந்த வேளையில், குளிர்ப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயல் வரம்பில் போனவர்களின் பெயரை எவரும் எழுதுவதில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தபோதும் தாங்கள் தலையங்கம் தீட்டினீர்கள். அதில் கொழும்பு இருந்தது, ஜெனீவா இருந்தது. காய்ச்சல்காரரின் விரலில் குத்தி இரத்தம் எடுக்க என் நண்பரிடம் பழகிய எமது ஊர்ப் பிள்ளைகளுக்கு அரை வரியும் இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுவான்கரையை அள்ளிய அன்று, அதுவரை அக்கரையிடம் கையேந்தி நின்ற எமது ஊழியர்களை அழைத்துக்கொண்டு அவர் அக்கரைக்குப் போனார். பத்திரிகையில் படம் வந்ததோ பின்னால் விமானத்தில் வந்திறங்கியவர்களுக்கு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது வந்த சிறப்பிதழ், அதற்கு முன் படுவான்கரையில் மனிதரே வைத்தியம் கண்டதில்லை என்ற தோரணையில் இருந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டோம்.

அவர் காலமானபோது நான் அனுப்பிய அஞ்சலிக் கட்டுரை, இடமின்மை காரணமாகச் சில வரிகளாகச் சுருங்கியது. அந்தச் சில வரிகளிலும் தகப்பனின் பெயரும் மகனின் பெயரும் இடம் மாறியிருந்தன. அதே பக்கத்தின் பாதியை ஒரு நகைக்கடை விளம்பரம் பிடித்திருந்தது; விளம்பரமின்றிப் பத்திரிகை ஓடாது என்பது எனக்கும் விளங்கும். வைத்தியர் அல்லாதவருக்கு இவ்வளவு எதற்கு என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டதை மட்டும் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம் மட்டுமே: யுத்த காலம் முழுவதும் அந்த வைத்தியசாலை இயங்கியது என்பதும், அதற்குப் பொறுப்பாயிருந்தவர் எவர் என்பதும். பெயரை இம்முறை தட்டச்சு செய்து இணைத்துள்ளேன். திருத்தத்தை ஞாயிறு இதழிலேயே போடுங்கள். கிழமை நாட்களில் வரும் பத்திரிகை எமது ஊர்க் கடைக்கு வந்து சேர்வதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்துக் கலவையாளர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.