ஒரு போத்தல் தையல் மெஷின் ஒயிலுக்கு நன்றி

எங்கள் ஒழுங்கைக்காரருக்கும், ஆட்டோத் தரிப்பிடத்துத் தம்பிமாருக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்துபோன எல்லோருக்கும்,

முந்தநாள்தான் வீட்டுக்கு வந்தேன். இதை ஒற்றைக் கையால் தட்டுகிறேன். எழுத்துப் பிழைகள் இருந்தால் கட்டுப் போட்டிருக்கும் மற்றக் கையின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நான் கழற்றிக்கொண்டிருந்த கார் ஜெக்கிலிருந்து சரிந்து என் கையில் விழுந்த அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் அங்கேயே நின்றீர்கள், மற்றவர்களுக்கு அன்றிரவே தெரிந்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு இப்போது கதை மனப்பாடம். விரல் ஐந்தும் இருக்கின்றன. சின்ன விரல் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு அசைகிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், குறை நினைக்கக் கூடாது. ஜெக் எங்கே, தடி எங்கே என்று தேடிக்கொண்டிருக்காமல் வெறுங்கையால் காரைத் தூக்கிய ஆறு பேர் (அதில் ஒருவருக்கு உள்ளங்கை கிழிந்தது எனக்கு நேற்றுத்தான் தெரியும், அவர் வாயே திறக்கவில்லை). 1990 சுவசெரிய அம்புலன்சில் வந்த இருவர். தேசிய வைத்தியசாலை விபத்துச் சேவைப் பிரிவில் அன்றிரவு கடமையில் இருந்தவர்கள்; நான் வலியில் சிங்களத்தையும் தமிழையும் கலந்து என்னென்னவோ உளறியதை எல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். நான் பாதிக் காசு கட்டிய ஸ்டியரிங் ரக்கை மூன்று கிழமையாக யாருக்கும் விற்காமல் வைத்திருக்கும், பஞ்சிகாவத்தைக் கார்ச் சாமான் கடை முதலாளி. அலுவலகத்தில் என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். அப்புறம், சோறு கறி அனுப்பிய வீடுகள். எந்தப் பாத்திரம் யாருடையது என்று தெரியாமல் குசினியில் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறோம், தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி எழுதப் போவது மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தையல் அன்ரிக்கு. அவருக்கு இந்தப் போன், கீன் எல்லாம் சரிவராது. மகள் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்கு முதல் நான் அந்தக் காரை என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் கொட்டாஞ்சேனையில் ஒருவன் சொந்தமாகக் கார் செய்கிறான் என்று கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும், நல்ல கார் ஒன்று கிழமைக்குக் கிழமை சிறுத்துக்கொண்டே போவதைத்தான் கண்டீர்கள். "தம்பி, செய்யிறதா, உடைக்கிறதா?" என்று ஒரு ஐயா நேரடியாகவே கேட்டார்.

இரண்டும்தான் ஐயா. 1957-இல் இங்கிலாந்தில் கொலின் சப்மன் என்பவர் லோட்டஸ் செவன் என்று ஒரு சின்னக் கார் விட்டார். இரண்டு சீட், கதவு கிடையாது, இரும்புக் குழாய்ச் சட்டகத்துக்கு மேல் அலுமினியத் தகடு. அந்தச் சாயலில் வீட்டிலேயே கார் கட்டுகிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். சட்டகத்தை நாமே வெல்ட் பண்ணலாம். இஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு, பிரேக், பெடல், வயர்க்கூட்டம் இதையெல்லாம் செய்ய முடியாது. அதற்கு ஒரு பழைய கார் வேண்டும். இஞ்சின் முன்னுக்கு நீளவாட்டில் இருக்க வேண்டும், பின் சக்கரம் இழுக்க வேண்டும். கூடு உக்கிப் போயிருந்தால் பரவாயில்லை, உள்ளே இருப்பது நன்றாக இருந்தால் சரி. என்னுடையது டொயோட்டாவின் கே.ஈ. 70 கொரோலா, 1290 சீசீ 4கே இஞ்சின். தரைத் தகட்டில் காலால் அழுத்தினால் ரோட்டுத் தெரியும், ஆனால் சாவி போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். விலை என்னவென்று கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்கும்வரை இந்த ஊரில் கறளுக்கும் விலை இருந்தது. நான் வாங்கியது அந்தக் காலத்தில். மனைவிக்குச் சொன்ன தொகை வேறு.

கழற்றுவது கஷ்டமான வேலை இல்லை. பட்டரியை முதலில் எடுத்துவிட்டு, பெற்றோல், ஒயில், ரேடியேட்டர்த் தண்ணீர் எல்லாம் வடித்துவிட்டு, பொறுமையும் ஸ்பானரில் மாட்ட நீளமான குழாயும் இருந்தால் எந்த நட்டும் கடைசியில் இளகும். கழற்றியது எது எங்கே இருந்தது என்று ஆறு மாதம் கழித்தும் தெரிய வேண்டும், அதுதான் கஷ்டம். கியர்பொக்ஸை இஞ்சினோடு பிடிக்கிற போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. இஞ்சினின் முன்பக்கமும் அப்படித்தான். கட்டையானது போக வேண்டிய ஓட்டையில் நீளமானதைப் போட்டு இறுக்கினால் அடியில் முட்டி மரையைத் தின்றுவிடும், அலுமினியம் என்றால் வெடித்தே போகும். கியர்பொக்ஸையும் பின் அச்சையும் இணைக்கிற சுழல் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற முதல் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் குறி வைக்காவிட்டால் திரும்பப் பூட்டும்போது அது உதறலாம். (குறி வைத்தது மனைவியின் நகப்பூச்சால். அதற்கும் அவரிடம் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.)

ஆகவே ஐந்து மாதமாக யோகட் கப் சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு இடத்துப் போல்ட், வொஷர், நட்டு. வெளியே மாஸ்கிங் டேப்பில் பெயர். கியர்பொக்ஸ் ஒரு வரிசை, பின் அச்சு ஒரு வரிசை, முன் சஸ்பென்ஷன் ஒன்று, பிரேக் ஒன்று, இஞ்சின் முகப்பு ஒன்று. எல்லாமாக 46 கப். என் தகரக் கொட்டில் காரில் பாதியைத்தான் மூடும். கப்புகள் வெளிப்பக்கம், தார்ப்பாய்க்குக் கீழே இருந்தன. அந்தச் சனிக்கிழமை என்னைக் கிடத்துவதற்கு யாரோ அந்தத் தார்ப்பாயைத்தான் உருவினார்கள். சரியான காரியம். அப்புறம் எல்லோரும் என்னோடு போய்விட்டார்கள். இரவு மழை பிடித்தது.

வாட்டில் படுத்திருந்தபோது எனக்குக் கையைப் பற்றி வந்த கவலைக்கு அடுத்தது இந்தக் கப்புகள்தான். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன். மனைவியிடம் கேட்கவும் முடியாது, அந்த நேரத்தில் போல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் மற்றக் கையும் போயிருக்கும்.

முந்தநாள் வீட்டுக்கு வந்து முதலில் கொட்டிலுக்குப் போனேன். நிலத்தில் கப் ஒன்றும் இல்லை. சுத்தமாகக் கூட்டியிருந்தது. யாரோ குப்பைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்து வாசலில் குந்திவிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து அன்ரி ஒரு சுளகைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுளகு நிறையச் சின்னச் சின்னத் துணிப் பைகள். ரோஸ், பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ, நீலம். சட்டைக்கு உள்ளே போடுகிற லைனிங் துணியின் வெட்டுத் துண்டுகள்.

"தகரத்தில மழை விழுற சத்தம் எனக்குப் பழக்கம் தம்பி. அண்டைக்கு அதோட பிளாஸ்டிக்கில விழுற சத்தமும் கேட்டது. உங்கட சாமான் நனையுதெண்டு விளங்கீட்டுது."

இரவு பத்து மணிக்குக் குடையும் சுளகுமாக வந்திருக்கிறார். கப்புகளில் தண்ணீர் நிரம்பி, ஒயில் பட்ட டேப் கழன்று மிதந்துகொண்டிருந்ததாம். கார் என்றால் அவருக்கு ஏறுவதும் இறங்குவதும்தான் தெரியும். ஆனால் நான் வரிசையாக வைத்திருக்கிறேன் என்பது தெரிந்திருக்கிறது. மதிலுக்கு மேலால் ஐந்து மாதம் பார்த்தவர்தானே. வரிசை கலையாமல் சுளகில் அடுக்கி, ஆறோ ஏழோ நடை நடந்து தன் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஒவ்வொரு கப்பாக ஊற்றி, துடைத்து, ஒரு பை தைத்து, உள்ளே போட்டு, வாயை மூடித் தைத்திருக்கிறார். ஒரு வரிசைக்கு ஒரு நிறம். வரிசையில் எத்தனையாவது என்பதற்குப் பையின் ஓரத்தில் அத்தனை குறுக்குத் தையல். மிதந்த டேப்பையும் வீசவில்லை. எந்தக் கப்பில் இருந்ததோ அந்தப் பைக்கு வெளியே வைத்து ஒரு தையல் போட்டிருக்கிறார். யூனிஃபோம் தைக்கிற காலத்தில் 40 பிள்ளைகளின் பட்டனும் கொளுக்கியும் மாறாமல் இருக்க அவர் செய்கிற வழி அது. இதில் என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

ஒரு பையைப் பிரித்துப் பார்த்தேன். பச்சை, மூன்று தையல்: பின் அச்சைப் பிடிக்கும் கையின் போல்ட்டுகள். கறள் ஒரு பொட்டும் இல்லை. மூன்று கிழமை! பளபளவென்று ஒயில் பூசியிருந்தது. என்ன ஒயில் என்று மணந்து பார்த்தேன், தையல் மெஷின் ஒயில்.

"தண்ணி பட்டா ஊசியே ஒரு இரவில கறள் பிடிக்கும். இதுவும் இரும்புதானே?"

வீட்டில் இருந்த ஒரே போத்தலை முழுக்க முடித்திருக்கிறார். அடுத்த நாள் மெஷினுக்கு ஒயில் இல்லாமல் ஒரு கல்யாணச் சட்டை பிந்திப் போனதாம். அதை அவர் சொல்லவில்லை, மகள் சொன்னார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேச்சு மாற்றுவதற்காக, பழையதைக் கழற்றித்தான் புதுசு செய்யப் போகிறேன் அன்ரி என்று விளக்கத் தொடங்கினேன். அவர் இடையிலேயே பிடித்துக்கொண்டார்.

"அது அளவுச் சட்டைதானே? நானும் சாவகச்சேரியில ஒரு பழைய சட்டையைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் வெட்டப் பழகினனான். எந்தத் தையலை முதல்ல பிரிச்சமோ அதைக் கடைசியாப் போடவேணும்."

இது சரியாக லோட்டஸ் கதை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் முழுக்காருக்குக் கொள்வனவு வரி உண்டு, துண்டு துண்டாக விற்றால் இல்லை. ஆனால் பெட்டியோடு பூட்டும் குறிப்புக் கொடுக்கக் கூடாது என்று இருந்ததாம். அதனால் கழற்றும் குறிப்பு ஒன்றை உள்ளே வைத்து அனுப்பினார்கள், வாங்கியவர் அதைக் கீழிருந்து மேலே வாசித்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று கார்க்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 1973-இல் புது வரி வந்ததோடு அந்தச் சலுகை போய்விட்டது. இதைச் சொன்னதும் அன்ரி, "வரிக்காரர் ஒருநாளும் சட்டை தைச்சிருக்க மாட்டினம்" என்றார்.

ஐந்து மாதம் எழுதிய என் பெயர்களில் பாதி மழையில் அழிந்துவிட்டன. அவை எனக்கு இனி வேண்டியதும் இல்லை, நிறத்தையும் தையலையும் எண்ணினால் போதும். நான் ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்று ஒருவர் கண்டிருக்கிறார். அந்த ஒழுங்கு என்னவென்று விளங்காமலேயே அதைக் காப்பாற்றியும் இருக்கிறார். வாட்டில் கிடந்தபோது இந்தக் கார் வேலையை விட்டுவிடுவதென்றுதான் முடிவு செய்திருந்தேன். மனைவிக்கு வாக்கும் கொடுத்திருந்தேன். சுளகைப் பார்த்த பிறகு அதே மனைவிதான், "46 பையையும் என்ன செய்யப் போறீங்கள், தலையணைக்குள்ள வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இனி வேறு மாதிரி. எல்லோரும் கேட்க எழுதி வைக்கிறேன், மீறினால் வந்து ஏசுங்கள். ஜெக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. நான்கு ஸ்டாண்ட் போட்டு, கழற்றிய சக்கரங்களைப் பக்கவாட்டில் கூட்டுக்குக் கீழே தள்ளி வைத்து, காரை ஒருதரம் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் கீழே போவேன். பெரிய நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே இளக்கிவிடுவேன். மேலே தூக்கி வைத்துவிட்டுக் குழாய் போட்டு இழுக்கவே மாட்டேன். அது ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் காருக்குக் கீழே தலை போகாது. இரவு எட்டு மணிக்குப் பிறகு கிரைண்டர் சத்தமும் கேட்காது.

நேற்றுப் பின்னேரம் அன்ரிக்கு ஒரு புதுப் போத்தல் ஒயில் வாங்கிக்கொண்டு போனேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ர போத்தல் இதைவிடப் பெரிசு" என்றார். உண்மைதான் போலிருக்கிறது. நாளைக்கு இன்னொன்று கொண்டுபோவேன்.

கடைசியாக ஒரு உதவி. பைகளில் ஒன்று வெள்ளை. அதில் தையல் இல்லை, தையல் சோக்கால் "தெரியாது 7" என்று எழுதியிருந்தது. தூக்கும்போது கவிழ்ந்து உருண்டவற்றைத் தேடிப் பொறுக்கிப் போட்டிருக்கிறார். ஆறுக்கு இடம் கண்டுபிடித்துவிட்டேன். ஏழாவது எம்8, 1.25 மரை, 12 தலை, நீளம் 30 மில்லிமீற்றர், கழுத்தில் கொஞ்சம் கறுப்புப் பெயின்ற். கே.ஈ. 70 கழற்றிய யாருக்காவது எங்கே இருந்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள். அன்ரி ஒவ்வொரு நாளும் மதிலுக்கு மேலால் கேட்கிறார்.