கிழட்டு ஆற்றின் பாட்டு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். படிக்க அனுமதி இல்லாததால் பாட்டுக் கேட்டே பொழுது போகிறது என்றும், கொல்கத்தாவில் ஒரே அறையில் தங்கியிருந்த நாட்களில் நாம் கேட்ட அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவின் கங்கைப் பாட்டை மறுபடி கேட்டதாகவும் மகளைக் கொண்டு எழுதியிருந்தீர்கள். அதன் மூலப் பாட்டு எது என்ற உங்கள் கேள்விக்கே இந்தக் கடிதம். இதையும் மகளையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அது ‘ஓல் மேன் ரிவர்’ என்னும் அமெரிக்க மேடைப் பாட்டு. எட்னா ஃபெர்பரின் நாவலைத் தழுவி, ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் எழுத, ஜெரோம் கெர்ன் இசையமைத்த ‘ஷோ போட்’ இசைநாடகம் 1927 டிசம்பர் 27 அன்று நியூயார்க்கின் ஜீக்ஃபெல்ட் அரங்கில் மேடையேறியது. மிசிசிப்பியில் ஊர் ஊராகச் செல்லும் நாடகப் படகொன்றின் கதை அது. அதில் ஜோ என்னும் கறுப்பினத் தொழிலாளி, பஞ்சுப் பொதி சுமப்பவர்களின் துன்பத்தையெல்லாம் பார்த்தும் ஒரு சொல் பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றைக் கிழவன் என்று அழைத்துப் பாடுகிறார். கதை நாற்பது ஆண்டுகள் நகர, அந்தப் பாட்டு இடையிடையே திரும்பி வருகிறது.

அதன் மெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பகுதி ஐந்து சுரங்களுக்குள்ளேயே நடக்கிறது. அவை நம் மோகனத்தின் சுரங்களே என்பதால் முதன்முறை கேட்டபோதே எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. வியர்வை சிந்திச் சுமப்பதைச் சொல்லும் நடுப்பகுதியில் இசை மைனருக்கு, அதாவது மேற்கத்திய இசையின் சோகம் தோய்ந்த சுர வரிசைக்கு, மாறி இருள்கிறது. பிறகு வருவதுதான் என்னை இத்தனை ஆண்டுகளாக விடாமல் பிடித்திருக்கும் இடம்: முயன்று சலித்துவிட்டேன், வாழவும் அலுப்பு, சாகவும் அச்சம் என்று சொற்கள் தளரும்போது, மெட்டு படிப்படியாக ஏறி உச்சத்தில் போய் முடிகிறது.

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் 1928இல் லண்டன் மேடையிலும் 1936இல் திரைப்படத்திலும் அவ்வரிகளை எழுதியபடியே பாடினார். பின்னாளில் தம் கச்சேரிகளில், அழுவதற்குப் பதில் சிரிக்கிறேன், சாகும்வரை போராடியே தீர்வேன் என்று அவ்விடத்தை மாற்றிக்கொண்டார். கவிஞரின் சொல்லைப் பாடகர் மாற்றலாமா என்று நாம் ஒருமுறை நள்ளிரவு வரை வாதாடினோம். நான் கூடாது என்றேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். கெர்னின் மெட்டு முன்பே ஏறி நின்ற இடத்துக்கு ராப்சன் சொற்களையும் ஏற்றி வைத்தார் என்றே தோன்றுகிறது. தம் அரசியல் கருத்துகளுக்கு அவர் விலையும் கொடுத்தார்: 1950இல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்தது, 1958இல்தான் அது திரும்பக் கிடைத்தது. 1960இல் சிட்னியில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆப்பரா மாளிகையின் கட்டடத் தொழிலாளர் நடுவில் நின்று அவர் இந்தப் பாட்டையும் பாடினார்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஹசாரிகா ராப்சனைச் சந்தித்தார். அவருடைய அசாமிய மூலத்தில் கங்கை இல்லை. ‘புடா லூயித்’, அதாவது கிழட்டுப் பிரம்மபுத்திராதான் இருக்கிறது. வங்காளியிலும் இந்தியிலும் அது கங்கையாயிற்று. ஜோ ஆற்றைப் பார்த்து ஏங்குகிறார். ஹசாரிகாவோ, இரு கரையிலும் இத்தனை பேரின் ஓலம் கேட்டும் ஏன் வாளாவிருந்து ஓடுகிறாய் என்று ஆற்றையே நிறுத்திக் கேட்கிறார். ராப்சன் தொடங்கிய மாற்றம் அங்கேதான் முழுமையடைந்தது என்பது என் எண்ணம்.

ராப்சன் பாடிய இரண்டு வடிவங்களையும் அசாமியப் பதிவையும் உங்கள் மகளின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே கேளுங்கள். உங்கள் கையால் எழுத முடியும் நாளில், அந்த நள்ளிரவு வாதத்தில் நீங்கள் இன்னும் அதே பக்கம்தானா என்று எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய அறைத் தோழன்