ஹூஸ்டனில் வீடு பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஊர் ஏசி போட்ட மாதிரி இருக்கிறது என்று போனில் சொன்னாய். மார்ச் மாத ஹூஸ்டனைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லாத ஆளே கிடையாது. அந்த மயக்கத்தில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஜூன் பிறக்கட்டும். வெயில் 35 டிகிரிதான் காட்டும், திருச்சியில் பார்க்காததா என்று தோன்றும். ஆனால் மெக்சிகோ வளைகுடாக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மேலேயே உட்கார்ந்துகொள்ளும். காலையில் வாசல் கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகும். துடைத்துப் போட்டால் மறுபடியும் வெளுக்கும். வேர்வை வழியுமே தவிர உலராது. ராத்திரியிலும் விடுதலை இல்லை.

மழைக்கு அங்கே ஐப்பசி, கார்த்திகை என்ற கணக்கெல்லாம் கிடையாது. வருஷத்துக்குச் சுமார் 1,300 மி.மீ., எந்த மாதத்திலும் பெய்யும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி இடித்து ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். அது பரவாயில்லை. பயம் புயல் மழைதான். 2017 ஆகஸ்ட்டில் ஹார்வி வந்தபோது நாலைந்து நாளில் பல இடங்களில் 1,000 மி.மீ.க்கும் மேல் கொட்டியது. தரை தட்டையானது, களிமண். தண்ணீர் எங்கே போகும்?

நீ பார்க்கும் மேற்குப் பக்கத்தில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நகரத்தைக் காப்பாற்ற 1940களில் கட்டியவை. சாதாரண நாளில் உள்ளே தண்ணீரே இருக்காது. பூங்காவும் மைதானமுமாகத் தெரியும். அதன் விளிம்புவரை வீடுகளைக் கட்டி விற்றுவிட்டார்கள். ஹார்வியில் தேக்கம் நிரம்பி, கரைக்கு மேல்புறம் இருந்த அந்த வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அழகான சமையலறையைக் காட்டும் ஏஜென்ட் இதைச் சொல்லுவார் என்று நம்பாதே. முன்பு வெள்ளம் புகுந்ததா என்று விற்பவர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். அந்தத் தாளைக் கேட்டு வாங்கு. வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, தனியாக எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் எடுத்தால் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். வானிலை அறிக்கையில் புயலைப் பார்த்துவிட்டு எடுத்தால் பிரயோஜனமில்லை.

குளிர் கொஞ்சநாள்தான், ஆனால் சொல்லிக்கொண்டு வராது. மதியம் அரைக்கை சட்டையில் போனவர்கள் சாயங்காலம் நடுங்கிக்கொண்டு வருவார்கள். 2021 பிப்ரவரியில் மைனஸ் 10 வரை இறங்கி, கரண்டும் போய், வீட்டுக்கு வீடு தண்ணீர்க்குழாய் வெடித்தது. அதனால் குழாய்கள் பரண் வழியாக ஓடுகின்றனவா என்று ஏறிப் பார். மெயின் வால்வு எங்கே என்றும் கேள்.

அப்புறம் ஜெனரேட்டர். வீண் செலவு என்பார் அப்பா. 2024 ஜூலையில் பெரில் வந்தது. முதல் வகைப் புயல்தான், அதாவது வகைகளில் வலு குறைந்தது, அதற்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் இல்லை. அந்தப் புழுக்கத்தில் ஏசி இல்லாமல் ஒரு ராத்திரி படுத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பிடித்த வீட்டின் விலாசத்தை உடனே அனுப்பு. வெள்ள வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா