படம் உள்ளே இருக்கட்டும், வாசலில் பெயர் இருக்கட்டும்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இந்தத் தடவை ஐப்பசி மழை பண்ணைக்காட்டுப் பக்கம் நின்று பெய்தது. காபிப் பழம் சிவந்து கிடக்கிறது, பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. மிளகு பரவாயில்லை, தை பிறந்தால் தெரியும்.

உன் அப்பாவின் மூலிகைக் குறிப்பு நோட்டுகளை இணையத்தில் ஏற்றப் போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்த நோட்டுகளில் அவர் கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு படம், படத்தைத் தொட்டால் குறிப்பு திறக்கும் என்று உன் அண்ணன் மகன் திட்டம் சொல்கிறான் என்றாய். பிள்ளை ஆசையாகச் செய்கிறான், செய்யட்டும். ஆனால் படங்களைக் குறிப்புக்கு உள்ளே வைக்கச் சொல். உள்ளே போகிற வழி முழுக்க எழுத்தாக இருக்கட்டும்.

ஏன் என்றால், எங்கள் விவசாயிகள் குழுவின் தளத்தில் இதை நேரில் பார்த்துவிட்டேன். முதலில் அதைச் செய்து கொடுத்தவர் காபிப்பூ, மிளகுச்சரம், மலைவாழைத்தார் என்று அழகழகான படங்களைத்தான் பொத்தானாக வைத்திருந்தார். திண்டுக்கல்லில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு நிறைவு. தாண்டிக்குடி தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கினால் சிக்னல் ஒரு கோடுதான். அங்கே படம் வராமல் வெறும் கட்டங்கள் நிற்கும். எந்தக் கட்டத்துக்குள் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்போது எல்லாவற்றையும் எழுத்து இணைப்புகளாக மாற்றிவிட்டோம். அதே ஒரு கோடு சிக்னலில் பக்கம் உடனே வந்து நிற்கிறது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். கண் தெரியாத ஆசிரியர் ஒருவர் எங்கள் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் கேட்டுப் பார்த்தார். என்விடிஏ என்று ஒரு இலவச மென்பொருள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006இல் தொடங்க, பார்வையற்ற இன்னொருவரும் சேர்ந்து வளர்த்தது. அதில் இன்சர்ட்டும் எஃப்7உம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் மட்டும் பட்டியலாக வரும். அவர் அழுத்தினார். ‘மேலும் படிக்க’, ‘மேலும் படிக்க’, ‘இங்கே சொடுக்கவும்’, மறுபடி ‘மேலும் படிக்க’. இதில் எதைத் திறப்பார் அவர்? பண்ணைக்காடு சாலைப் பிரிவில் ஊர்ப் பெயர் இல்லாமல் ‘இந்தப் பக்கம் போகவும்’ என்று மட்டும் பலகை வைத்த மாதிரி.

இப்போது அந்த இடத்தில் ‘காபியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான்: அடையாளமும் தடுப்பும்’ என்று முழுப் பெயரே இணைப்பாக நிற்கிறது. இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உடற்குறை உள்ளவரும் தளங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 2008இல் வெளியிட்ட அணுகுதன்மை வழிகாட்டியிலும் இந்த விதி உண்டு. ஓர் இணைப்பு எங்கே கொண்டுபோகும் என்பது அதன் எழுத்திலிருந்தோ அதைச் சுற்றியுள்ள வாக்கியத்திலிருந்தோ தெரிய வேண்டும். எழுத்திலிருந்தே தெரிந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, எதன்கீழ் எதை வைப்பது? அப்பா மூலிகைப் பெயர்படி எழுதியிருப்பார். ஆனால் தேடி வருகிறவர் பெயரோடு வரமாட்டார், உபாதையோடு வருவார். எங்களிடமும் அப்படித்தான். ‘வாழை இலை கொத்தாகக் குறுகி நிற்குது’ என்றுதான் கேட்பார்கள். 1970களில் இந்தப் பழனி மலையின் விருப்பாட்சி வாழையை அழித்த முடிக்கொத்து நோய் அது என்று பெயர் தெரிந்தவர் குறைவு. அதனால் பயிர்வாரியாக ஒரு வரிசை, பார்க்கும் அறிகுறிவாரியாக இன்னொரு வரிசை வைத்தோம். இரண்டும் ஒரே கட்டுரைக்குத்தான் வந்து சேரும். நோட்டில் ஒரு குறிப்பு ஒரு பக்கத்தில்தான் இருக்க முடியும். இணையத்தில் கீழாநெல்லியை அதன் பெயரிலும் வைக்கலாம், மஞ்சள் காமாலையின் கீழும் வைக்கலாம், வயல் வரப்பில் கிடைப்பவை என்றும் வைக்கலாம். இந்த வசதியை விட்டுவிடாதே, மாப்ளே. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘முகப்பு › இருமல், சளி › தூதுவளை’ என்று வந்த வழியையும் எழுதி வை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பி நேராக உள்ளே வந்து விழுகிறவர்தான் அதிகம். அவருக்கு முகப்பே தெரியாது.

வாட்ஸ்அப் என்றதும் நினைவு வருகிறது. பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்க ஆசை வரும். ஆனால் முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘தூ’ என்றால் த ஒன்று, அதன் துணைக்குறி ஒன்று என இரண்டு குறி. ‘தூதுவளை’ என்ற ஒரு சொல்லே 63 எழுத்து ஆகிவிடும். முகவரி சுருக்கமாக ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், கண்ணில் படும் இணைப்பு தமிழில் இருக்கட்டும்.

அண்ணன் மகனிடம் சொல்ல இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். இணைப்பின் அடிக்கோடு ழ, ற, து, பு போன்ற எழுத்துகளின் காலில் மோதும், அல்லது அங்கங்கே அறுந்து நிற்கும். கோட்டை எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் நம்பினால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு இணைப்பே தெரியாது. கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ளினால் போதும். டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட் என்றால் அவனுக்குப் புரியும். இரண்டாவது, அகரவரிசையைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் குறியெண்படி அடுக்கினால் கல்லுருக்கிக்கு முன்னால் கற்றாழை வந்து நிற்கும். நம் அகராதியில் ல முந்தி, ற பிந்தி. தமிழ் வரிசைப்படி அடுக்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். அப்பா பார்த்திருந்தால் முதலில் இதைத்தான் திருத்தியிருப்பார்.

எழுத்து மட்டும் என்றால் பழங்காலத்துத் தளம் மாதிரி இருக்கும் என்று பிள்ளை தயங்கலாம். ஆனால் 1991இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து வந்த, எழுத்தை மட்டும் காட்டும் வரிமுறை உலாவியில் மவுஸே கிடையாது. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அந்த எண்ணைத் தட்டினால் பக்கம் திறக்கும். இணையத்தின் அஸ்திவாரமே அந்த எழுத்து இணைப்புதான். அதன்மேல் எவ்வளவு அழகு வேண்டுமானாலும் அவன் சேர்க்கட்டும்.

நீ ஒன்று செய். நோட்டுகளில் உள்ள தலைப்புகளை மட்டும் தாளில் எழுதி அனுப்பு, குறிப்பு இப்போது வேண்டாம். எந்த மூலிகை எந்தெந்த உபாதைக்கு என்றும் பக்கத்தில் குறித்துவிடு. பழம் பறிப்பு முடிந்ததும் உட்கார்ந்து அடுக்கித் தருகிறேன். மார்கழிக் குளிரில் ராத்திரி எனக்கு வேறு வேலை இல்லை. பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் மேலே வந்தால் இன்னும் நல்லது, அண்ணன் மகனையும் அழைத்து வா. பஸ் ஏறும்போது போன் போடு, பிரிவில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
பண்ணைக்காட்டிலிருந்து உன் சிநேகிதன்