மூன்று மொழிக்கும் ஒரு 'சரி'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. மூன்றிலும் செல்லுபடியாகும் சொல் 'சரி'. விடைத்தாளில் அது பிழையின்மை, 'சரிபாதி'யில் சமம், 'சரியான வெயில்' என்றால் கடுமை. 'சரி, கிளம்பறேன்' என்றால் பேச்சு முடிந்தது. மலைச்சரிவில் வருவது வேறு, அது சரிதல்.

மாங்காய் மண்டியில் அடிமாட்டு விலை சொன்னதும், கூடையைப் பார்த்தபடியே விவசாயி இழுத்துச் சொல்லும் 'சரிங்க'வில் சம்மதம் துளியும் இல்லை. அந்த இழுவையை எந்த அகராதி சொல்லும்?

தமிழ் வகுப்பில் 'சரியா, தவறா' என்று கேட்பதோடு நிற்காமல், பிள்ளைகள் ஊரில் கேட்ட 'சரி'களைத் திரட்டி எழுதச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.