மழைக்கு முன் படங்களை இறக்குங்கள்

நம் பேட்டை ஓவியக்கூட அறக்கட்டளை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வடக்குச் சுவரில் ஈரம் ஏறி ஓதம் காப்பது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. போன மழையிலேயே சொன்னோம், பதிவேட்டிலும் எழுதினோம். அதனால் நேராகவே கேட்கிறேன்: ஐப்பசி மழை பிடிக்கும் முன் தஞ்சாவூர் ஓவியங்களை அந்தச் சுவரிலிருந்து இறக்குங்கள்.

ராமர் பட்டாபிஷேகப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? உடைந்த கண்ணாடியை இன்னும் மாற்றவில்லை. அனுமாரின் தோளருகே தங்க ரேக்கு, அந்த மெல்லிய தங்கத் தகடு, கிளம்பி நிற்கிறது. அதன் மேல் யாரோ அக்கறையாக செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள்! டேப்பின் ஓரமெல்லாம் தூசி படிந்து கறுத்துவிட்டது. அடியில் ஒரு சிவப்புக் கல், விழவா வேண்டாமா என்று தொங்குகிறது. "காலையில பெருக்கும்போது பொடிப்பொடியா வருது சார்" என்கிறார் காவலாளி அண்ணன். அவர் முறத்தில் அள்ளிப் போடுவது அந்தப் படத்தின் மக்குப் பூச்சு.

தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலகை, அதன் மேல் துணி, துணி மேல் சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த மக்கு, அதற்கு மேல் ரேக்கு. மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மக்கு அப்படி வளைந்து கொடுக்காது, விண்டுவிடும். பகலில் ஏசி, பூட்டியதும் புழுக்கம் என்று தினமும் மாறிக்கொண்டிருந்தால் எந்தப் படம் தாங்கும்?

நிதி இல்லை என்கிறீர்கள். சரி. வாசலில் செல்ஃபி எடுக்க இறக்கை வரைந்த சுவருக்கும், நன்கொடையாளர் பெயர் பொறித்த கிரானைட் கல்லுக்கும் மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது. கிரானைட்டை ஓதம் ஒன்றும் செய்யாது, பெயர்கள் பத்திரமாக இருக்கும். இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதா என்ன? எழும்பூரில் ரவிவர்மா படங்கள் இருந்த தேசிய ஓவியக்கூடம், 1909இல் திறந்த அந்த அழகான கட்டடம், பாதுகாப்பில்லை என்று 2002இல் மூடப்பட்டு ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது. பூட்டுவது மட்டும் நமக்குக் கைவந்த கலை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய செலவு இல்லை. படங்களை இறக்கி, உலர்ந்த உள்ளறையில் மேல்பக்கம் பார்க்கப் படுக்கவையுங்கள். அந்த டேப்பை யாரும் பிய்க்க வேண்டாம், ரேக்கும் சேர்ந்து வந்துவிடும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதலே வேதியியல் பாதுகாப்புக்கூடம் இருக்கிறது. ஒரு கடிதம் போட்டு யோசனை கேளுங்கள். அப்புறம், ஒவ்வொரு படத்தையும் இன்றிருக்கும் நிலையில் புகைப்படம் எடுத்துவிடுங்கள். தூக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம். தயவுசெய்து எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள், அது ஐப்பசிக்கு முன்னால் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாராவாரம் வந்துபோகும் பார்வையாளர்
சென்னை