துணை குடிமகனானால் 10 புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணவனோ மனைவியோ ஆஸ்திரேலியக் குடிமகனானால், வயது, படிப்பு, ஆங்கிலம் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் அந்நாட்டுத் திறன் விசா மனுவில் துணைக்கான புள்ளி கிடையாது என்றே நம் தோட்டப்புறத்தில் பலரும் நினைக்கிறார்கள். 2019 நவம்பர் 16 முதல் அதற்கு 10 புள்ளி உண்டு. துணைக்கு ஆங்கிலத் தேர்வும் வேண்டாம், தொழில் மதிப்பீடும் வேண்டாம். 65 புள்ளி இல்லாமல் மனு செய்ய அழைப்பே வராத இடத்தில் இது லேசுப்பட்டதா?

சிக்கல் சான்றில்தான். கோயிலில் தாலி கட்டிய படம் போதாது. மலேசியத் தேசியப் பதிவுத் துறையில் பதிந்த திருமணச் சான்றிதழ், அது மலாய் மொழியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு, துணையின் குடியுரிமைச் சான்று ஆகியவற்றை முதலிலேயே எடுத்து வையுங்கள். கோரிய புள்ளியை நிரூபிக்காவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். கட்டிய பணமும் பொதுவாகத் திரும்பாது.

வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்